கீறலும் வழுவமைதியும்

‘கீறல் விழுந்த இசைத்தட்டு’ என்பது நம்மிடையே ஒரு வசைமொழி. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வானை அத்தொடரால் இகழ்கின்றோம். கிராமபோன் இருந்த வீடுகளில், ஓடுகின்ற தட்டின்மேற் கைவைத்த பிள்ளைக்கு அடி விழும். ஊசி இடறும், பாட்டு அறும், ‘கிறீச்’ என்று ஓர் ஒலி எழும். அவ்வொலியைக் குற்றம் என்றே உலகத்தார் கொண்டிருந்தனர். அக்குற்றத்தை எடுத்து, அளந்து, பழக்கி, ஒரு கலையாக்கினர் ஏழைச் சிறுவர் சிலர். அக்கலை இன்று எங்கள் துறைமுகப் பட்டினத்தின் வாசலிலும் வந்து நிற்கின்றது.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளிலும், திருகோணமலை நகரத்துத் திருமண மண்டபங்களிலும் ‘டிஜே’ என்று அழைக்கப்படும் இளைஞரை இப்பொழுது காணலாம். முன்னே ஒரு மடிக்கணினி, அதன் அருகே இரு வட்டத் தட்டுகளும் பல குமிழ்களும் பொருந்திய ஒரு பெட்டி, காதிலே கேள்பொறி. அண்மையில் ஆசிரியர் சிலர் கூடிய ஓரிடத்தில் ஒரு வினா எழுந்தது. பள்ளிக் கலைவிழாவிலே, மத்தளம் வாசிக்கும் தோழனோடு சேர்ந்து, மாணவன் ஒருவன் இப்பெட்டியைக் கையாள விரும்புகின்றான், இடங்கொடுக்கலாமா? “சத்தத்துக்கு மேடையா?” என்றார் ஒருவர். “காலத்தோடு போகத்தான் வேண்டும்” என்றார் மற்றொருவர். முன்னவர் கலையைப் பாராமலே மறுத்தார். பின்னவர் கலையைப் பாராமலே உடன்பட்டார். இரண்டும் தீர்ப்பாகா. தமிழ் இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் யான், இவ்வினாவை இலக்கணத்தின்பாற் கொண்டுசென்று பார்க்க விரும்புகின்றேன்.

முதலில் இக்கலையின் பிறப்பை அறிதல் வேண்டும். இது பிறந்த இடம் நியூயோர்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதி. வறுமையும் தீயும் வேலையின்மையும் அப்பகுதியை வாட்டிய காலம் அது. ஜமெய்க்காத் தீவிலே பிறந்து அங்குக் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் தம் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தொன்றில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். பாட்டு ஓய்ந்து முழவு மட்டும் தனித்து முழங்கும் சிறு பகுதியிலேதான் ஆடுவோர் ஊக்கம் மிகுகின்றது என்பதை அவர் கண்டறிந்தார். ஒரே தட்டின் இரு படிகளை இரு பொறிகளில் வைத்து, அச்சிறு பகுதியை மாறி மாறி ஒலிக்கச் செய்து அதனை நீட்டிக்கும் முறை அவராற் பரவியது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்பார் அம்முறையைத் திருத்தமாக்கினார். தட்டிலே அடையாளமிட்டு, நினைத்த இடத்தை நினைத்த கணத்திற் பிடிக்கப் பழகினார்.

கீறல் என்னும் நுட்பத்தைக் கண்டவர் அவருக்கும் இளையவரான கிராண்ட் விசர்ட் தியடோர். 1963இற் பிறந்தவர், 1970களின் நடுப்பகுதியில், சிறுவனாய் இருந்தபோதே இதனைக் கண்டார். பாட்டின் ஒலியைக் குறைக்கும்படி தாயார் வாயிலில் நின்று அதட்ட, சுழலும் தட்டைக் கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டிருந்தாராம். கையோ சும்மா இருக்கவில்லை. தட்டை முன்னும் பின்னும் அசைத்தது. அவ்வசைவில் எழுந்த ஒலி அவர் செவியைக் கவர்ந்தது. இது அவரே கூறும் வரலாறு. இவ்வொலியை உலகறியச் செய்தது 1983இல் ஹெர்பி ஹான்காக் என்னும் ஜாஸ் இசைஞர் வெளியிட்ட ‘ராக்கிட்’ என்னும் இசைத்தட்டு. அதிலே கீறல் வாசித்தவர் கிராண்ட் மிக்சர் டி.எஸ்.டி.

இவர்களுக்குத் துணைசெய்த பொறி ஒன்று உண்டு. 1972இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்பது அது. பழைய பொறிகள் பலவற்றில் ஒரு வார் தட்டைச் சுழற்றும். கைவைத்தால் வார் நழுவும். இதிலோ மோட்டார் நேரே தட்டைச் சுழற்றியது. கையை எடுத்த மாத்திரத்தே தட்டு தன் வேகத்தை எய்தியது. வீட்டிலே இருந்து பாட்டுக் கேட்பதற்கென்று செய்த கருவி அது. அதனை இசைக்கருவியாக்கியது, செய்தவன் நினையாத ஒரு கையே.

இனி, இன்றைய எண்முறைப் பொறிக்கு வருவோம். 2001இல் பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே. 1000 வந்தது, குறுந்தட்டிலே பதிந்த பாட்டை, மேலே உள்ள வட்டத்தைத் தொட்டு முன்னும் பின்னும் அசைக்க அது இடந்தந்தது. அக்காலத்தையொட்டியே வேறொரு முறையும் எழுந்தது. 2004இல் வந்த செராட்டோ என்னும் மென்பொருள் அதனைப் பரவச் செய்தது. இம்முறையிற் பயன்படும் கறுப்புத் தட்டிலே பாட்டு இல்லை. காலத்தைக் குறிக்கும் ஒரு சைகையொலி மட்டுமே உண்டு. தட்டு எத்திசையில், என்ன வேகத்தில், எவ்விடத்தில் நகர்கின்றது என்பதை அவ்வொலியால் அறிந்து, கணினி தன்னுள் இருக்கும் பாட்டை அவ்வாறே நகர்த்துகின்றது. எங்கள் ஊர் இளைஞர் கையாளும் சிறு பெட்டியில் ஊசியும் இல்லை, பள்ளமும் இல்லை, கையின் அசைவே சைகை.

ஊசியே இல்லாதபோது கீறல் ஏது என்று வினவலாம். எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காயெண்ணெய் என்று கூசாது சொல்கின்றோம். பொருள் மாறியும் தொழில் ஒத்திருப்பின் சொல் நிலைபெறும். இங்கே ஒத்திருக்கும் தொழில் யாது? ஒரு கை தட்டை முன்னும் பின்னும் தள்ளும். மறு கை ‘ஃபேடர்’ என்னும் சிறு நகர்வியை அசைத்து ஒலியைத் திறக்கும், அடைக்கும். இவ்விரண்டே அடிப்படை. வேகமாய்த் தள்ளின் சுருதி ஏறும். மெல்லத் தள்ளின் இறங்கும். முன்செல்லும்போது திறந்து, பின்வரும்போது அடைத்தல் ஒரு வகை. தட்டு ஒருமுறை நகர்வதற்குள் பலமுறை திறந்து மூடுதல் வேறொரு வகை. கட்டைவிரலை எதிரே நிறுத்தி, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நகர்வியைத் தட்டிச் செல்லுதல் இன்னொரு வகை. அதற்கு நண்டு என்றே பெயர். தவிலின் வலந்தலையிற் கூடணிந்த விரல்கள் ஓடுவதைக் கண்டவர்க்கு இது புதுமையன்று.

என்னிடம் முன்னர்த் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கடற்கரை விடுதியொன்றில் இத்தொழில் செய்கின்றார். அவரை இதனை வாசித்துக் காட்டச் செய்து, இதில் அரிய பகுதி எது என்று கேட்டேன். “சத்தத்தைப் போடுறது சுகம், ஐயா, நிப்பாட்டுறதுதான் கஷ்டம்” என்றார். எங்கள் பேச்சில் ‘சுகம்’ என்றால் எளிது என்று பொருள். நிறுத்தும் அளவு அறியாதவன் எழுப்பும் ஒலி இரைச்சல். அறிந்தவன் எழுப்புவது தாளம். உயிர் ஓடும், மெய் நிறுத்தும். உயிரும் மெய்யும் கூடினாலன்றோ சொல் பிறக்கின்றது! நகர்வியை அடைக்கும் ஒவ்வொரு கணமும் ஒரு மெய்யெழுத்தே.

தொல்காப்பியர் எழுத்துக்கு அளவு வகுத்தபோது, கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையுமே அளவுகோலாகக் கொண்டார். அவர் எடுத்தது கருவியன்று; உடம்பு. நிமிடத்துக்கு 100 அடி என்னும் நடையிலே ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 0.6 நொடி, அதனை நான்காய்ப் பகுத்தால் 0.15 நொடி. அந்த இடைவெளியிலே விரல் திறந்து மூடவேண்டும். மாத்திரை, அரைமாத்திரை, கால்மாத்திரை என்று பகுத்துக் கற்ற இனத்தவர்க்கு இக்கணக்கு அந்நியமாகுமா? இன்னுமொன்று. உலகெங்கும் கீறல் பயில்வோர் பெரிதும் எடுத்தாளும் ஒலி, 1982இல் வந்த ‘சேஞ் த பீட்’ என்னும் தட்டின் இறுதியில் வரும் சில நொடிப் பகுதி. அதன் முதலில் நிற்பது ‘ஆ’ என்னும் நெட்டொலி. நம் பிள்ளைகள் ஏட்டிலே தொடங்கும் இடமும் அதுவன்றோ!

நூன்மரபின் இறுதிச் சூத்திரத்தை ஆசிரியர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். எழுத்துகள் தமக்குரிய அளவைக் கடந்து ஒலித்தலும், ஒற்றுகள் நீண்டிசைத்தலும் இசைநூலார்க்கு உடன்பாடு என்னும் கருத்து அங்கே சொல்லப்படுகின்றது. எழுத்திலக்கணத்தில் ஒவ்வாதது இசையிலக்கணத்தில் ஒக்கும் என்று, இலக்கணம் வகுத்தவரே வாயில் திறந்துவைத்தார். அவ்வாயிலை நாம் ஏன் அடைக்கவேண்டும்?

சொல்லிலக்கணத்திலும் இதற்கு ஒரு பெயர் உண்டு, வழுவமைதி. உழவன் தன் பசுக்கன்றை ‘என் செல்வி வந்தாள்’ என்கின்றான். அஃறிணையை உயர்திணையாக்கினான், அது வழு. ஆயினும் அன்பினாற் சொன்னான், ஆதலின் அமைதி. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என்னும் காரணங்களால் வரும் வழுவை நன்னூலார் ஏற்றுக்கொள்கின்றார். காரணமின்றி வருவதோ வழுவாகவே நிற்கும். கீறலும் அவ்வாறே. பாட்டை அறுப்பது வழு. தாளத்தை எடுத்துக்காட்டவோ, சொல்லுக்கு விடையிறுக்கவோ, ஒரு தீர்மானத்தை முடிக்கவோ அறுத்தால் அமைதி. ஏன் அறுத்தாய் என்ற வினாவுக்கு விடை வைத்திருப்பவன் கலைஞன்; விடையில்லாதவன் தட்டிற் கைவைத்த பிள்ளை.

‘எஃபெக்ட்’ என்று வழங்கும் ஒலிமாற்றங்களுக்கும் இதுவே அளவுகோல். எதிரொலி ஒன்று, மண்டபத்து முழக்கம் ஒன்று, மேலொலியையோ கீழொலியையோ வடித்தெடுத்தல் ஒன்று, ஒரு துண்டையே சிறுகச் சிறுக நறுக்கி உருட்டுதல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ், திருப்பினால் வரும். எதிரொலியை அடியின் பாதிக்கோ முக்காலுக்கோ அளந்துவைத்தால் அது தாளத்தோடு பின்னி எதிர்நடை போடும். அளவின்றி விட்டால் சேறாகும். ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் வானொலி முதலான மின்பொறிகள் பழுதுபார்த்து வாழ்ந்த கிங் டப்பி என்பார், 1970களில் எதிரொலியையும் ஒலி நீக்கத்தையும் கொண்டு ‘டப்’ என்னும் இசைவகையை வளர்த்தார். அவர் சேர்த்தவற்றிலும் நீக்கியவையே பேசப்படுகின்றன. அணியிலக்கணம் கற்ற நமக்கு இது தெரிந்ததே. உவமை ஒன்று வந்தால் செய்யுள் ஒளிரும். அடிதோறும் வந்தால் பொருள் மறையும். எங்கள் மண்டபங்களில் இப்பொழுது கேட்பதிற் பெரும்பகுதி, அடிதோறும் உவமை வைத்த செய்யுள்.

உரசி ஒலியெழுப்புதல் நம்மவர்க்குப் புதிதுமன்று. உறுமியை நோக்குக. வளைந்த கோல் தோலை உரச, ஒலி ஏறி இறங்கி அழுகின்றது. நம் கிழக்கிலங்கை அம்மன் கோயில்களில் உடுக்கின் நாண்களை இறுக்கியும் தளர்த்தியும் சுருதியை வளைக்கின்றனர். 2006இல் மாதங்கி அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ. தம் ‘பேர்ட் ஃப்ளூ’ என்னும் பாடலிலே உறுமியை முழங்கச் செய்தபோது, மேலைநாட்டு ஆடலரங்குகள் அதனைப் புதுமையென்று வியந்தன. நாமோ நம் வீட்டிலே இருந்ததை அவர்கள் வியந்தபின் திரும்பிப் பார்க்கும் வழக்கமுடையோம்.

இசையும் இயந்திரமும் பகையென்று கருதுவோர் விபுலாநந்த அடிகளை நினைதல் வேண்டும். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலே தேறியவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். வழக்கொழிந்த யாழை மீட்கப் புகுந்தபோது அவர் சிலப்பதிகாரத்தையும் எடுத்தார்; நரம்பின் நீளத்தையும் அதிர்வெண்ணையும் கணக்கிடும் பௌதிகத்தையும் எடுத்தார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. யூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். பழமையைக் காப்பதற்கும் அளவையறிவு வேண்டும் என்பதே அந்நூல் நமக்கு வைத்துச் சென்ற பாடம்.

மறுப்போர் கூறும் குறைகளும் பொய்யல்ல. முதலாவது, மிகையொலி. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்னும் கட்டுப்பாட்டை 2007இலேயே நம் நாட்டு உயர் நீதிமன்றம் வகுத்தது. அது டிஜேக்கும் பொருந்தும், கோயிலுக்கும் பொருந்தும், எச்சமயத்தார்க்கும் பொருந்தும். இரண்டாவது, பொறியே இரு பாட்டின் நடையையும் பொருத்திவிடும் பொத்தான். அதனை அழுத்திவிட்டுக் கையை மேலே தூக்கி ஆடுபவனைக் கலைஞன் என்பதற்கில்லை. அவன் விளக்கின் சுவிட்சைப் போட்டவன். மூன்றாவது குறையே பெரிது. மணவறையிலே தவிலும் நாகசுரமும் ஒலிக்கும்போதே மறுபுறத்திற் பெட்டி முழங்குகின்றது. கெட்டிமேளத்தையும் ஒலிபெருக்கி விழுங்குகின்றது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்ற தவில் மேதைகளை ஈன்ற நாட்டிலே, தவிற்காரர் கூலி வாங்கிக்கொண்டு கேட்பாரின்றி வாசிப்பது நாணத்தக்கது. இசைஞர் குடும்பங்களின் பிள்ளைகள் கருவியை உறையிலிட்டு வேறு தொழில் தேடிப்போகும் நிலை வந்தால், அதனை மீட்க இன்னொரு யாழ்நூல் வேண்டியிருக்கும்.

ஆனால் இக்குற்றம் பெட்டியினதா? மேளத்தையும் பெட்டியையும் ஒரே நேரத்திற்கு அழைத்துவைத்தவர் இல்லத்தார். அவர்கள் மனம் வைத்தால் இருவர்க்கும் வெவ்வேறு பொழுது ஒதுக்கலாம். மணச்சடங்கு முடியும்வரை மேளத்துக்கு. விருந்தின் பின்னர் மற்றவர்க்கு. கோயில் வீதியிற் பெட்டிக்கு இடம் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை; அங்கே இறைவனும் மேளமும் பேசும் பேச்சு ஒன்று உண்டு; நடுவே புகுதல் முறையன்று.

பள்ளி மேடைக்கு வருவோம். அம்மாணவனுக்கு இடங்கொடுக்கவேண்டும் என்பதே என் முடிபு. ஆனால் மூன்று நிபந்தனை வைப்பேன். பொருத்தும் பொத்தானைத் தொடலாகாது; கையே தாளம் பிடிக்கவேண்டும். மேடையேறுமுன் ஆதிதாளத்தையும் திஸ்ர நடையையும் கையாற் போட்டுக் காட்டவேண்டும். இசையாசிரியர் அதனை அவனுக்குக் கற்பிக்கவேண்டும். மூன்றாவதாக, அவன் கீறும் ஒலி நம் ஊரின் ஒலியாய் இருக்கவேண்டும். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு இன்னும் முதியோர் சிலர் வாயில் இருக்கின்றது. அவர்களிடம் சென்று, அனுமதி கேட்டு, பதிவுசெய்து, அவர்கள் பெயரையும் மேடையிலே சொல்லி, அந்த ஒலியைத் தட்டிலே ஏற்றட்டும். பிராங்ஸ் சிறுவர் தம் பெற்றோரின் பெட்டியில் இருந்த தட்டுகளையே எடுத்தனர். நம் சிறுவரும் நம் பெட்டியைத் திறக்கட்டும். கற்பிக்கவேண்டிய நாம் முகந்திருப்பினால், அவன் எப்படியும் இதனைக் கற்பான். தாளத்தை மட்டும் கல்லாது விடுவான்.

மேலைநாட்டில் இக்கலைக்குக் குறியீட்டு எழுத்தும் வகுத்துவிட்டனர். தட்டின் நகர்வைக் கோடாகவும் காலத்தைக் கட்டங்களாகவும் வரைந்து காட்டும் முறை 2000ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. வழு, இலக்கணம் பெற்றுவிட்டது. சொற்கட்டு என்னும் நிறைந்த செல்வமுடைய நாம், ‘தகதிமி’ என்று வாயாற் சொல்லியே அதனைக் கற்பிக்கலாம். மட்டக்களப்பிலே இசையும் நாடகமும் நடனமும் பயிற்றும் நிறுவகம் விபுலாநந்த அடிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்குப் பயில்வோர் இதனை ஆராயப் புகின் அப்பெயருக்குப் பொருந்தும்.

எங்கள் ஊர் துறைமுகம். கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் வழியாய் வந்து தமிழாயின. கந்தோர் ஒல்லாந்தர் வழியாய் வந்தது. வந்தவற்றுள் நம் நாவுக்கு இசைந்தவை நின்றன, இசையாதவை போயின. கோணேசர் மலையடியிலே கடல் ஓயாது மோதுகின்றது. சம்பந்தர் காலத்திலும் அங்ஙனமே மோதிற்று. அவ்வொலி இரைச்சலாகாது நிற்பதற்குக் காரணம், ஓர் அலைக்கும் மறு அலைக்கும் நடுவே உள்ள இடைவெளி. அந்த இடைவெளியை அறிந்த விரல் எந்தக் கருவியைத் தொட்டாலும் இசை பிறக்கும். ஆசிரியர்களே, பெற்றோரே, பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புக் கூறாதீர், விரலைப் பாருங்கள்.